வியாழக்கிழமை வாங்கோ

மாங்குளம் சந்தியில் இருந்து
முல்லைத்தீவு ரோட்டில் என் கடை.
இந்தப் பக்கம் ரயர் ஒட்டுகிறவர், அந்தப் பக்கம் கோழித்தீன்.
நடுவில் ஒரு மேசை, காந்தம் பிடித்த திருப்புளி,
ஒரு பக்கம் இழுத்தபடி சுற்றும் விசிறி.

செவ்வாய் காலை பத்து மணிக்கு
ஹெல்மெட்டும் கழற்றாமல் வந்து
கறுத்த பையைத் திறந்தார் கஜரூபன்.
"ராத்திரி வரைக்கும் வேலை செய்தது தங்கச்சி.
காலமை அமத்தினா ஒண்டும் வரேல்லை."
எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்.
பழுதுக்கு முன்னால் நல்லாயிருந்த ஓர் இரவு
எல்லாரிடமும் இருக்கிறது.

"தண்ணி பட்டதோ?"
"இல்லை."
"விழுந்ததோ?"
"இல்லை."
"பைக் பெட்டிக்குள்ளயோ கொண்டு திரியிறீங்கள்?"
அதற்கு மட்டும் பதில் இல்லை.
ஒலுமடு, அம்பகாமம், கரிப்பட்டமுறிப்பு
கிரவல் முழுக்க அதற்குள் குலுங்கியிருக்கும்.

சார்ஜரைக் குத்தினேன். ஓரத்தில் வெள்ளைப் புள்ளி.
அப்ப கரண்ட் வருகிறது.
பொத்தானை அமத்தினேன்.
விசிறி ஒரு மூச்சு இழுத்து விட்டது. திரை கறுப்பு.
சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியைக் கழற்றி,
முப்பது எண்ணும் வரை பொத்தானை அமத்திப் பிடித்தேன்,
உள்ளே தேங்கி நிற்பது வடியட்டும் என்று.
திரும்பப் பூட்டினேன். கறுப்பு.
டோர்ச்சைச் சரித்துப் பிடித்துத் திரையைப் பார்த்தேன்.
வெளிச்சம் மட்டும் செத்திருந்தால்
மங்கலாய் ஏதும் தெரியும்.
தெரிந்தது என் மூக்கு.

"வைச்சிட்டுப் போங்கோ."
"நாளைக்கு ஒலுமடு கலெக்சன்..."
எனக்கும் தெரியும்.
மேசை, விசிறி, திருப்புளி எல்லாம்
அவருடைய கம்பனியின் காசு.
ஐம்பத்திரண்டு புதன்களில்
முப்பத்தொன்று கட்டியாயிற்று.

அவர் போனபின் திறந்தேன்.
பத்துத் திருகாணி, ஒன்று ஏற்கனவே இல்லை.
செம்மண் மா போலப் படிந்து,
அதில் சிற்றெறும்புகள் போன தடம்.
றாமைக் கழற்றினேன். பொன்னிறப் பற்கள் கறுத்திருந்தன.
ரயர்க்கடைக்காரரின் மகனிடம் அழிறப்பர் வாங்கி
மெல்ல உரசினேன், பிழையாய் எழுதிய கணக்கை
அழிக்கிற மாதிரி.
திரும்ப அமர்த்தினேன். 'டக்' என்றது.
பொத்தான்.

வந்தது.
நீலமாய், ஒன்றும் நடக்காத முகத்தோடு
கடவுச்சொல் கேட்டது.
எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் இல்லை.
உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும்:
பிந்தின நாளைத் தானே எண்ணி,
தண்டத்தைத் தானே கூட்டி,
பெயரைச் சிவப்பாக்குகிற ஒரு நிரல்.

மணி பதினொன்று ஆகவில்லை.
போன் எடுத்துச் சொன்னேன்:
"சாமான் ஒண்டு வவுனியாவில இருந்து வரவேணும்.
வியாழக்கிழமை வாங்கோ."

புதன் மழை.
பொதுநோக்கு மண்டபத்துக் கூரை ஒழுகாத மூலையில்
கொப்பியும் பேனையுமாய் இருந்தார் கஜரூபன்.
"பிந்தினது எத்தனை நாள்?"
"இரண்டு" என்றாள் பவளராணி.
பதினொன்று. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்,
அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
போனில் கல்குலேட்டரைத் தட்டினார்,
அழித்தார், திரும்பத் தட்டினார்.
"அந்தக் கணக்கு மெசினுக்குத்தான் தெரியும்" என்று
தண்டக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.
பிறகு வந்த பதினாறு பேருக்கும்
அதே கோடு.
என் முப்பத்திரண்டாவதையும் வாங்கினார்.

வியாழன் வந்து பொத்தானை அமத்தினார்.
உடனே எரிந்தது.
"என்ன பிழை?"
"தூசி."
"சாமான்?"
"தேவைப்படேல்லை."
என்னைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.
"ஆயிரத்தைந்நூறு. தவணையில கழிக்கட்டோ?"
"இல்லை. காசாத் தாங்கோ."

எண்ணித் தந்துவிட்டுக் கேட்டார்:
"திரும்பவும் இப்பிடி வருமோ?"
"முதுகில கொழுவிக்கொண்டு போனா வராது.
பெட்டிக்குள்ள வைச்சுக் குலுக்கினா வரும்."

தலையாட்டினார்.
வெளியே போய், ஹெல்மெட்டைப் போட்டு,
பையைப் பைக் பெட்டிக்குள் வைத்து
மூடினார்.