விலாவில் ஒரு ஜன்னல்

பல்கலைக்கழகத்தின் நாற்பத்தேழாம் எண் பசுவுக்கு
விலாவில் ஒரு ஜன்னல் உண்டு.
ரப்பர் மூடியைத் திருகினால்
முழங்கை வரை உள்ளே போகும்.
வலிக்காது என்கிறார்கள்.
அவளும் மறுத்துச் சொன்னதில்லை.

நிறுவன நாள் ஊர்வலத்தில் முதலில் அவள்,
அப்புறம் பேண்டு, அப்புறம்தான் தலைவர்.
முதலாண்டுப் பிள்ளைகள் ஒருமுறை
கையை விட்டுப் பார்ப்பது இங்கே மரபு.
உள்ளே வெந்நீர்ச் சூடு.
காலையில் தின்ற குதிரைமசால்
பாலாகும் அவசரமின்றிப் பாதி வழியில்.

விடியலில் அவள் தொழுவத்தில் சாணி அள்ளுவேன்,
மதியம் இரண்டுக்கு ஆவணக் காப்பகம்.
எத்தனை கழுவினாலும் வாடை கூடவே வரும்.
காப்பாளர் ஹில்டா ப்ரெக்கே
ஜன்னலை மட்டும் லேசாகத் திறந்து வைப்பார்.

அங்கேதான் வந்தாள் டெல்ஃபின் ஆர்ஷம்போ,
மண்ணியல், முதலாண்டு.
பழைய கிரயப் பேரேட்டைக் கேட்டாள்.

இந்தக் கல்லூரியைக் கட்டிய நிலம்
இந்தக் கல்லூரிக்கு அடியில் இல்லை.
வடக்கே, மூன்று மாநிலம் தாண்டி,
பைன் மரமும் காட்டரிசி விளையும் தண்ணீருமாய்க் கிடந்தது.
அரசு தாளில் கொடுத்தது,
இவர்கள் பார்க்காமலே விற்றார்கள்,
ஏக்கர் அறுபது சென்ட்.
நம் மணிக்கூண்டு அதில் வந்த செங்கல்.

அவள் விரல் சர்வே எண்கள் மேல் இறங்கி
ஒரு வரியில் நின்றது.
"எங்கள் ஏரி."
அதன் பெயரையும் சொன்னாள், அவர்கள் மொழியில்.
பேரேட்டில் பெயருக்குக் கட்டம் இல்லை.

நகல் வேண்டும் என்றாள்.
பக்கத்துக்குப் பத்து சென்ட்,
ஆறு பக்கம்.
கணக்குப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
அவளும் போட்டிருந்தாள்.
சில்லறையை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்,
ரசீது கேட்டாள்.
"என்னவென்று எழுத?"
"ஒரு ஏக்கர்."
எழுதினேன்.
ஹில்டா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்,
முத்திரை குத்தினார்.

அடுத்த சனிக்கிழமை ஊர்வலம்.
எல்லோரும் மூக்கைச் சுளித்து, சிரித்து,
சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள்.
டெல்ஃபின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே விட்டாள்.
எடுக்கவில்லை.
பின்னால் வரிசை முனகியது,
பேண்டு அதே மெட்டுக்கு மூன்றாம் முறை திரும்பியது,
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கயிறு என் கையில்.
நான் இழுக்கவில்லை.
நாற்பத்தேழு கண்ணை மூடி
நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தாள்.