தொழில் வகை: நகல் எடுத்தல்

சுங்கை பெத்தாய் மாவட்ட மன்றம், உரிமப் பிரிவு,
நான்காம் எண் முகப்பு.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து
செம்பனையும் ஒருமுறை மறுநடவு ஆகிவிட்டது.
இன்னும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
தப்பில்லை.
அந்தக் கிராணி பால் நிறுத்தான்,
நான் தாள் நிறுக்கிறேன்.

ஜீவரேகா வந்தது ஒரு திங்கட்கிழமை.
பெயருக்குப் பின்னால் ஏ.பி., அதற்கும் பின்னால் அப்பா.
கோலாலம்பூரில் பதினோரு வருஷம்,
பத்தொன்பதாவது மாடி.
இப்போது ஊரில், சைக்கிள் கடைக்கு மேலே
ஆறு நாற்காலி, ஆறு பெண்கள்.
என்ன வியாபாரம் என்று கேட்டேன்.
"நார்வே பக்கம் ரெண்டு கப்பல் மோதிக்கிட்டா
யார் மேல தப்புன்னு படிச்சுச் சொல்வோம்.
காப்புறுதிக்காரங்க காசு கொடுப்பாங்க."

கணினியில் பட்டியலைத் திறந்தேன்.
முடிதிருத்தம். மளிகை. டயர் ஒட்டுதல்.
பறவைக்கூடு. சவப்பெட்டி. ஐஸ் கச்சாங்.
படித்துச் சொல்வது அதில் இல்லை.
கடைசியில் 'இதர' என்று ஒன்று இருந்தது.
அதை அழுத்தினால் தலைமையகம் ஒப்புதல் தரவேண்டும்.
ஒப்புதலுக்கு ஒன்பது மாசம்.
அவளுக்கு நார்வேக்காரன் தந்தது ஒன்பது நாள்.
தாள், கண், விரல், ஏறக்குறைய அதுதானே என்று
'தட்டச்சு, நகல் எடுத்தல்' என்பதைச் சொடுக்கினேன்.
நல்லெண்ணத்தில்தான்.
தீயணைப்புக் கருவி ஒன்று,
பலகையில் மலாய் பெரிதாக,
வருஷத்துக்கு நூற்றிருபது ரிங்கிட்.
அடுத்தவர்.

வங்கியில் அடகுக்கு என்ன இருக்கிறது என்றார்களாம்.
ஆறு தலை இருக்கிறது என்றாளாம்.
ஷம்சுல் நல்ல மனுஷர், சிரித்திருக்கிறார்.
படிவத்தில் தலைக்குக் கட்டம் கிடையாது.

கண்ணாடி இழைக் கம்பி பெரிய ரோட்டோடு வந்து
ஆலை வாசலில் நின்றுவிட்டது.
உள்ளே தோட்டத்து நிலம்.
கம்பம் நட நிலக்காரர் கையெழுத்து வேண்டும்.
நிலக்காரர் என்பது ஒரு கம்பெனி,
அதற்கு எந்த ஊரில் மேசை என்று யாருக்கும் தெரியாது.
அதனால் தவநிதி, ஆறு பேரில் கெட்டிக்காரி,
லயத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்
மோட்டாரில் வருகிறாள், இரவு ஷிப்டுக்கு.
அவள் பார்த்த கடல் ஒன்றே ஒன்று,
ஆறாம் வகுப்பில், போர்ட்டிக்சன், அதுவும் மழையில்.

வழி தெரிந்ததும் மற்றவர்கள் வந்தார்கள்.
மெய் ஃபோங், சிங்கப்பூர்க் கடைகளின் வரிக்கணக்கு.
ஹஸ்லினா, மருத்துவமனைக் குறிப்புகள்.
எல்லாருக்கும் அதே குறியீடு போட்டேன்.
வருஷக் கடைசியில் புள்ளிவிவரம் மேலே போனது.
மேலேயிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது:
மாநிலத்திலேயே நகல் கடை அதிகம் பெருகியது
எங்கள் மாவட்டத்தில்தானாம்.
ஊக்கத்தொகையாகக் கடைக்கொரு நகல் இயந்திரம்.

நாலு பேர் தூக்கிப் படியேற்றினார்கள்.
ஜீவரேகா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
ஜன்னல் ஓரம், மின்சாரம் கொடுக்காமல்,
மேலே தவநிதியின் ஹெல்மெட்.
திரையில் ஏதோ ஒரு துறைமுகம், பனிமூட்டம்.
இரண்டு மாலுமியும் தான் தெளிவாகப் பார்த்ததாகச்
சத்தியம் செய்திருக்கிறார்கள்.
"பார்த்தது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் கிராணி," என்றாள் தவநிதி,
"யாரு வழிவிடணும்னு எழுதி வச்சிருக்கே,
அதுலதான் எல்லாம்."

மறுநாள் காலை, கூட்டம் சேருமுன்,
'இதர' என்பதை அழுத்தினேன்.
பதினேழு வருஷத்தில் முதல் தடவை.
காரணம் எழுத இருபது எழுத்துக்கு இடம்.
என் மலாய் கடைசிச் சொல்லின் பாதியில் நின்றது.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஒப்புதலுக்கு ஒன்பது மாசம்.
இது இரண்டாவது.