விளாநேரி, ஒரு பக்கத்துக்குள்

குளத்தங்கரையில் பலகை வைக்க
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் வந்திருக்கிறது,
ஊர் வரலாற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தாரும்
என்றார் செயல் அலுவலர்.
நான் வீட்டுவரி பிரிக்கிறவன்.
எந்தக் கதவு எத்தனை தட்டுக்குத் திறக்கும் என்பதுதான்
எனக்குத் தெரிந்த வரலாறு.

முதலில் மடைக்கல்லிடம் போனேன்.
வட்டெழுத்தில் பாதியை நீர் தின்றிருந்தது.
மிச்சத்தில் ஒருத்தி:
நக்கன் பூதி, தூம்புக்குப் பன்னிரண்டு காசு.
அவள் பெயருக்கு மேல்
போன தேர்தலின் சின்னம், பச்சை பெயின்ட்டில்.

பிறகு கும்பினிப் படை.
பதினோரு நாள் கரையில் கூடாரம்,
குதிரைகளுக்கும் நம் தண்ணீர்தான்.
போகும்போது சங்கிலி இழுத்து
குளத்தை அளந்துகொண்டு போனார்கள்.
அதற்குப் பிறகு வந்த எல்லாரும்
அந்த அளவிலிருந்தே தொடங்கினார்கள்.

கோயில்பிள்ளை ரசலையா
வேதக்கோயில் பதிவேட்டைக் காட்டினார்.
பேதி வந்த வருஷம்
ஒரே நாளில் அறுபத்து மூன்று பேருக்கு ஞானஸ்நானம்.
அடுத்த வருஷம் இருபது பெயருக்கு நேராக
மெல்லிய மையில்: திரும்பிப் போனார்கள்.
எங்கே என்று இல்லை.
நாலு தெரு தாண்டித்தான் போயிருப்பார்கள்.

மேலமடைக்கும் கீழமடைக்கும் வழக்கு,
நாற்பத்தொரு வருஷம்.
வாதி பிரம்மநாயகம் இல்லை, பிரதிவாதி தவசிக்கனி இல்லை.
மகன்கள் ஒரே பஸ்ஸில் வாய்தாவுக்குப் போகிறார்கள்,
ஒரு தரம் இவன் டிக்கெட், ஒரு தரம் அவன்.
தீர்ப்பு வந்துவிட்டால்
யாரோடு போவது என்ற கவலை இருவருக்கும்.

அந்த மார்கழி ராத்திரியைப் பற்றி
பதிவேட்டில் ஒற்றைச் சொல்: உடைப்பு.
கரை தானாக உடைந்ததா, யாரும் உடைத்தார்களா,
சொல் சொல்லாது.
அரசாங்கத் தமிழுக்கு அந்தச் சௌகரியம் உண்டு.
கீழத்தெருவில் பதினேழு வீட்டுக்கு
நான் இன்னும் வரி கேட்கப் போகவில்லை.

இதற்கிடையில்தான்
மீன் குத்தகைக் காவலாள் மூக்காண்டி
பீடி இலையில் பொதிந்து ஒரு வளையம் கொண்டுவந்தான்.
"கிளுவை காலுல கெடந்துது, சார்வாள்."
கிளுவை எங்கவே?
வாயைத் துடைத்துக்கொண்டான்.

வளையத்தில் எண்ணும், எஸ்டோனியா என்ற பெயரும்.
விலாசம் தேடி எழுதினேன்.
ஏழு வாரம் கழித்துப் பதில்:
ஏரிக்கரையில் சின்ன ஊர், ஆயிரத்து நானூறு பேர்.
எழுதியவள் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.
குதிரை வீரர்கள் ஆண்டார்களாம்,
சுவீடன்காரர்கள், ஜார், சோவியத்து.
ஒவ்வொருவரும் ஊருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்,
எங்கள் கடிதங்கள் தொலைவது அதனால்தான் என்றாள்.
பறவை நலமா என்றும் கேட்டிருந்தாள்.
குளிர்காலத்தில் ஏரி இறுகிவிடுமாம்,
அக்கரைக்கு நடந்தே போவோம் என்று
பெருமையாக ஒரு வரி.

நாங்களும் நடப்போம் என்று எழுதினேன்,
சித்திரை வைகாசியில்.
பறவையைப் பற்றி
எதுவும் எழுதவில்லை.

என் பக்கத்தை அலுவலர் படித்தார்.
வழக்கு வேண்டாம், உடைப்பு வேண்டாம்,
திரும்பிப் போனவர்கள் எதற்கு?
பெயின்டர் எழுத்துக்கு ரேட் சொல்கிறவன்.
கடைசியில் நின்றது
ஊர்ப் பெயர், குளத்தின் பரப்பு,
பன்னிரண்டு காசு கொடுத்த பூதி.
'பூமி' என்று எழுதிவிட்டான்.

திறப்பு விழா அக்கினி நட்சத்திரத்தில்.
நாலாம் நாள் பலகையைக் கரையில் காணோம்.
தேடிப் போனேன், குளத்துக்குள் இறங்கி,
வெடித்த மண்மேல், மடையைத் தாண்டி,
நட்ட நடுவில் நிற்கிறது.
மூன்று கோடு கிழித்து ஸ்டம்ப் ஆக்கியிருக்கிறார்கள்.
"சார்வாள், ஓரமா நில்லுங்க!"
கீழத்தெரு பேட்டிங்.
நாற்பத்தேழுக்கு மூன்று.