நடுக்கோடு

வேலந்தாவளம் மண்டிக்கு மேல்மாடி.
ஒரு டிவி, ஒரு கன்சோல், நான்கு கன்ட்ரோலர்.
ஒன்றில் இடப்பக்கக் குச்சி தொடாமலே சாயும்,
வண்டி தானாகச் சுவரைத் தேடிப் போகும்.
மணிக்கு நாற்பது ரூபாய்.
தோற்றவன் கொடுக்கணும்.
சட்டம் நான் போட்டதில்லை, பையன்கள் போட்டது.

கோயம்புத்தூரிலிருந்து கேபிள் கம்பெனி ஆள் வந்தான்.
"இனிமேல் எல்லாமே ஆன்லைன்தாங்ண்ணா.
தோளோடு தோள் இடிச்சு ஆடறதெல்லாம்
இன்னும் ரெண்டு வருசம்."
இரண்டு வருசத்துக்கு முன்பணம் கேட்டான்.
பிறகு சோபாவில் உட்கார்ந்தவன்
அசனாரிடம் ஒரு மணி நேரம் தோற்று
நாற்பதை வைத்துவிட்டு இறங்கினான்.

பந்தயம் தொடங்கினால் திரை இரண்டாகும்.
மேலே கோழிப்பாறை அசனார், கீழே பிச்சனூர் கதிரவேல்,
நடுவே ஒரு கறுப்புக்கோடு.
கண்ணுக்கு அங்கே சோதனைச்சாவடி கிடையாது.
எதிராளி எந்த வளைவில் என்று எட்டிப் பார்த்துத்
தன் வண்டியைப் பள்ளத்தில் விட்டவர்கள்தான் அதிகம்.
"எம் பாதியப் பாக்காதடா."
"உம் பாதியில என்ன இருக்குது, புகைதான்."
வெளியே ரோட்டிலும் ஒரு கோடு இருப்பதாகச் சொல்கிறார்கள்.
நான் பார்த்ததில்லை.
லாட்டரிக் கடை தொடங்கினால் கேரளா, அவ்வளவுதான்.

கேபிள் வந்தது. திரை முழுசாயிற்று, கோடு போயிற்று.
முகமில்லாமல் பெயர்கள் வந்தன.
பாதி ராத்திரியில் யாரோ போலந்துக்காரன்
கதிரவேலை இடித்துத் தள்ளிவிட்டு ஏதோ சொன்னான்.
கெட்ட வார்த்தை என்று மட்டும் புரிந்தது.
அப்புறம் "எடைக்கல்" என்று ஒரு பெயர்.
ஆறு மாதம், எங்கள் மாடியில் ஒருவர் மிச்சமில்லாமல் தோற்கடித்தது.
மைக் திறந்தே இருக்கும், பேச்சே இருக்காது.
துபாய்க்காரன் என்றான் அசனார்.
ஆளே இல்லை, மெஷின் என்றான் கதிரவேல்.

ஒரு சாயங்காலம்
ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தேன்.
கீழே தக்காளி முடிந்து வெண்டை ஏலம்.
"முந்நூத்தி இருவது, முப்பது, முப்பது..."
தரை வழியாக ஒரு தரம்.
கால் நொடி கழித்து
ஹெட்செட்டுக்குள் அதே முப்பது.
மும்பையோ சிங்கப்பூரோ போய்
முத்திரை குத்திக்கொண்டு
என் காலடியிலிருந்து என் காதுக்கு வந்து சேர்ந்த முப்பது.

சில்லறை மாற்றும் சாக்கில் இறங்கினேன்.
கணக்கு அறையில் பிரசீதா.
சிசிடிவி மானிட்டரில் வெண்டைக்காய் மூட்டைகள்.
பேரேடுகளுக்குப் பின்னால் ஒரு வயர்,
ஒரு சின்னப் பச்சை விளக்கு.
நான் எதுவும் கேட்கவில்லை.
எட்டுப் பையன்கள் செருப்பு கிடக்கும் படியில்
அவள் ஒருநாளும் ஏறியதில்லை.
ஏறி வா என்று
நானும் ஒருநாளும் சொன்னதில்லை.
கேபிள்காரன் சொன்னது பாதி சரி என்று
அன்றைக்குத்தான் பட்டது.

மார்ச் முடிவில் சர்வரை மூடினார்கள்.
யார் என்று கேட்காதீர்கள், எங்கோ ஒரு கம்பெனி.
திரையில் "ஆன்லைன்" என்ற எழுத்து சாம்பலாகிப் போனது.
ஆன்லைனில் மட்டுமே ஓடும் இன்னொரு டிஸ்க்கைக்
கதிரவேலின் அப்பா வாங்கிப் போய்த்
தக்காளிக் காட்டில் மயில் விரட்டக் கட்டினார்.
நல்ல வேலை செய்கிறதாம்.
அடுத்த வருசத்துக்கும் கேபிளுக்குப் பணம் கட்டினேன்,
சோபாவுக்கு ரெக்சினும் மாற்றச் சொன்னேன்.
எது வருங்காலம் என்று தெரியாதவன்
இரண்டுக்கும்தான் அழணும்.

மண்டி லீவு நாள், மத்தியானம்.
படியில் ஒரு ஜோடிச் செருப்பு.
"சாயுற குச்சி எதுங்க? அது எனக்கு வேண்டாம்."
ஆறு மாதச் சண்டை முழுக்கக் கேட்டிருக்கிறாள்.
சோபாவின் அந்தக் கடைசியில் உட்கார்ந்தாள்.
திரை இரண்டானது.
மூன்றாம் வளைவில் என் கண் மேலே போயிற்று.
"பாக்கறீங்க" என்றாள்,
கால் நொடிகூடத் தாமதமில்லாமல்.

பள்ளத்தில் கிடந்தேன்.
தோற்றவன் கொடுக்கணும்.
கல்லாவிலிருந்து நாற்பது எடுத்து
கல்லாவில் போட்டேன்.