தொண்ணூற்றாறு குழிகள்

செவ்வாய்க்கிழமை போசிபோரியிடம்
ஆறு கட்டு சின்சாகா வாங்கினேன்.
"இத்தனையும் ஒருத்திக்கா?"
தின்பதற்கு அல்ல என்றேன்.
"தின்னாத கீரையாம்" என்று
பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.
கிசி நகரத்து மழை
எங்கள் தலையில் பெய்துகொண்டிருந்தது.
தக்காளிக்கு மட்டும் பாலித்தீன்.

ஆய்வகத்தில்
உலர்த்தி, அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து,
வடித்ததைச் சுழல்குடுவையில் வற்றவிட்டால்
அடியில் மிஞ்சுவது கரும்பச்சைப் பிசின்.
ஆறு கட்டுக்கு ஒரு தேக்கரண்டி.
முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி.
முகர்ந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை மதியம்போல் இருந்தது.

போசிபோரியின் முறை வேறு.
கொதிக்கவைப்பாள்,
கசப்பு இறங்கிய நீரைக் கொட்டுவாள்,
மறுபடி கொதிப்பு, மறுபடி கொட்டல்.
பிறகு பால் ஊற்றி
விடியும்வரை சட்டியிலேயே விட்டுவிடுவாள்.
நான் தேடுவதில் பாதி
அவள் சாக்கடையில் ஓடுகிறது:
கடித்த பூச்சி காறித் துப்பட்டும் என்று
இலை தனக்காகச் சேர்த்துவைத்த கந்தகக் காரம்.
நம்மை நினைத்து
எந்தக் கீரையும் முளைப்பதில்லை.

முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
எப்போதோ இறந்துபோன ஒருத்தியின்
மார்புக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள்.
பெயர் இல்லை, எண் இருக்கிறது.
சாக மறந்தவை.
சனி ஞாயிறும் அவற்றுக்குப் பசிக்கும்.
இளஞ்சிவப்புக் கஞ்சி ஊற்ற
விடுமுறை நாளிலும் வேன் பிடித்து வருவேன்.

எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி.
பிசினை நீர்த்து நீர்த்து விட்டேன்.
மூன்றாம் நாள் மஞ்சள் சாயம்.
உயிருள்ள குழி ஊதாவாகும்,
செத்தது மஞ்சளாகவே கிடக்கும்.
முதல் வரிசை முழுக்க மஞ்சள்.
டாக்டர் ஒங்கேரி தோளில் தட்டினார்.
"பாத்திரம் கழுவும் சோப்பு விட்டாலும்
மஞ்சள்தான் சார்."
கையை எடுத்துக்கொண்டார்.
சற்றுப் பொறுத்து,
"கூடும் என்று போட்டு எழுது" என்றார்.

எழுதினேன்.
கொல்லக்கூடும்.
தடுக்கக்கூடும்.
பல்லியின் வால்போல ஒரு சொல்.
வெள்ளிக்கிழமை வானொலிக்காரன் பிடித்ததும்
அறுந்து விழுந்துவிட்டது.
"சின்சாகா புற்றைக் கொல்லும்!"
மதியத்துக்குள் கட்டு இருபதிலிருந்து
ஐம்பது ஷில்லிங்.

"என் கீரைதானே அது?"
போசிபோரிக்குப் பல்லெல்லாம் சிரிப்பு.
பிறகு சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப்போய்
என் கையைத் தன் இடது அக்குளில் வைத்தாள்.
அவரைக்கொட்டை அளவில்
நகராத ஒன்று.
"சோள அறுவடைக்கு முன்னாலிருந்து.
ஐம்பத்தொரு வருஷமாக இதைத்தான் தின்கிறேன்"
என்றாள், புகாராக அல்ல,
சில்லறை குறைவதைச் சொல்பவள்போல.
"இனி அந்த நீரைக் கொட்டாமல்
குடித்துவிடட்டுமா?"

பலகையில் எந்தக் குழிக்கு எத்தனை துளி
என்று எனக்குத் தெரியும்.
அவளுக்கு ஈரல் இருக்கிறது, குடல் இருக்கிறது,
பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கிறது.
"குடித்தால் வயிறு எரியும். வேறொன்றும்
எனக்குத் தெரியாது.
திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போ."
"திங்கள் சந்தை நாள்."
"நான் விற்கிறேன்."
"உனக்கு விற்கத் தெரியாது."
"தெரியாது."

இன்று திங்கள்.
காலையிலேயே மகள் கெசாரேவோடு போய்விட்டாள்.
அவள் ஸ்டூலில் ஒரு கால் குட்டை.
தொலைபேசி மடியில் கிடக்கிறது.
தொப்பி போட்ட ஒருவர் குனிந்து கேட்கிறார்:
"புற்றைக் கொல்லுமாமே?"
"பாலில் வேகவைத்தால் நன்றாயிருக்கும்" என்கிறேன்.
முப்பதுக்குக் கேட்கிறார்.
கொடுத்துவிட்டேன்.

போசிபோரி வந்து
திட்டட்டும்.