ஒரு போகக் குத்தகை

பன்குளத்தில் இரண்டரை ஏக்கர்.
ஒரு போகத்துக்கு மட்டும் என்று
குணநாயகம் கையெழுத்து வைத்த தாள்
யூரியாப் பைக்குள் சுருட்டி
கூரைவளையில் தொங்குகிறது,
எலிக்கு எட்டாமல்.

எல்லைகள் எழுதியிருக்கிறது.
கிழக்கே வாய்க்கால், மேற்கே பாலைமரம்,
வடக்கே யானைவேலி.
கீழே எவ்வளவு ஆழம் என்று
எழுதவில்லை.

போன மாரியில்தான் அதை அளந்தேன்.
மூன்று நாள் விடாத மழை.
நாலாம் நாள் வாய்க்காலில் போனது
பால் விட்ட தேத்தண்ணி.
நட்டு வைத்த குச்சியில்
ஒரு விரற்கடை புதிதாய்த் தெரிந்தது.
சோளனின் ஊன்றுவேர்கள் அந்தரத்தில் நின்றன,
குளிர்தண்ணிக்குள் இறங்கப் பார்த்துப்
பின்வாங்கிய கால்விரல்கள் மாதிரி.

பொத்தி முறித்த கையோடு
கோழித்தீன் கம்பனிப் பொடியன்
மோட்டார்சைக்கிளில் வந்தான். நிரோசன்.
"அடுத்த போகத்துக்கு விதை கடனுக்குத் தாறம் அக்கா.
வரிசையை நெருக்குங்கோ,
யூரியா ஏக்கருக்கு இன்னும் அரைப் பை.
தட்டையைக் கொளுத்திவிடுங்கோ,
சேனாப் புழுவும் சேர்ந்து வேகும்."

பொய் சொல்லவில்லை அவன்.
புழு உண்மை: குருத்தைப் பிரித்தால்
ஈரமான மரத்தூள்.
கடனும் உண்மை,
அடைவில் இருக்கிற இரண்டு காப்பும்.

நான் கொளுத்தவில்லை.
தட்டையில் பாதியை மாடு தின்றது.
மீதியைச் சரிவுக்குக் குறுக்கே மடித்துப் போட்டு
மேலே கல் வைத்தேன்,
ஆனி, ஆடி, ஆவணி
பின்நேரம் பின்நேரமாக.

புரட்டாதியில் முபாறக்கின் லான்ட்மாஸ்டர் வந்தது.
அது எப்போதும் மேலிருந்து கீழேதான் உழும்.
குறுக்கே உழச் சொன்னேன்.
"உங்கட காணியா?"
"இல்ல."
சிரித்தான். உழுதான்.
ஐந்நூறு ரூபாய் கூட வாங்கினான்.

இரண்டு வரிசைச் சோளனுக்கு நடுவே
ஒரு வரிசை கௌபி ஊன்றினேன்.
விடியற்புறம் புழுவைக்
கையால் பொறுக்கி நசுக்கினேன்.
விரலிடுக்கில் பச்சைச் சாறு காய்ந்து
சோறு கசந்தது.

கார்த்திகை மழைக்கு
குடையும் இல்லாமல் வாய்க்காலடிக்கு ஓடினேன்.
தெளிந்த தண்ணி என்று சொல்லமாட்டேன்.
வெறுந்தேத்தண்ணி.
பால் மட்டும் இல்லை.
அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்ற என்னை
எதிர்க்காணிச் சிவபாக்கியம்
விசரி என்று நினைத்திருப்பாள்.

மாசியில் அவளுக்கு நாற்பத்தொரு மூட்டை.
எனக்கு முப்பத்தெட்டு, ஒன்றரை மூட்டை கௌபி.
கணக்குப் போட்டால் சரிசமன்.
நாரி நோவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பங்குனியில் குணநாயகம்
திருகோணமலையிலிருந்து வந்திறங்கினார்.
சப்பாத்தைக் கழற்றாமலே நடந்து
ஓரிடத்தில் குந்தி
ஒரு பிடி மண்ணைக் கிள்ளி எடுத்தார்.
அது உதிராமல் உருண்டது.
உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது.
"நல்லா வந்திருக்கு காணி" என்றார்.
"வாற முறை ஐயாயிரம் கூடத் தரவேணும்."

மூன்று வருசத்துக்கு எழுதுங்கோ என்றேன்.
பார்ப்பம் என்றார்.
புழுவைக் கைவிட்டு உதறிவிட்டு
ஐந்தே கால் பஸ்ஸுக்கு நடந்தார்.

வெயில் சாய்ந்தது.
உழவுத் தடத்தில் ஒரு கல் கிடந்தது.
எடுத்துக்கொண்டு போய்
வரம்பில் வைத்தேன்.

கை பழகிப்போச்சு,
வேறென்ன.