ஆறு கலர் நரி

நாற்பத்தி ரெண்டாயிரம் பீஸ்.
ரெண்டு வயசு முதல் எட்டு வரைக்கும் டீ ஷர்ட்.
நெஞ்சில் ஒரு நரிக்குட்டி.

பெருமாநல்லூர் ரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே
மேஜைக்கு அந்தப் பக்கம் தீபன் நாயக், இந்தப் பக்கம் நான்.
முதலில் வெள்ளை, அதன்மேல்தான் மற்றது பிடிக்கும்.
மஞ்சள், காவி, வாலுக்கு ஒரு பழுப்பு,
காதுக்குள் தெரிகிற ரோஸ்.
கடைசியில் கறுப்பு. அதுதான் கண்.
கறுப்பு ஒரு நூல் நகர்ந்தாலும்
நரிக்கு மாறுகண், பீஸ் ரிஜக்ட்.
இருநூற்றுப் பதினொன்று அப்படிப் போனது.
அதில் ஒன்றைத்தான் போட்டுக்கொண்டு
மிதுலன் படத்துக்கு வந்தான்.

தியேட்டரில் பாதி நாற்காலி காலி.
யார் யாரோ தமிழில் அவசரமாகப் பேசினார்கள்.
பிறகு பனி பெய்தது.
தாய்நரி திரும்பி வரவில்லை.
பேச்சு நின்றது.

தரைக்கு அடியிலிருந்து
கனத்த தந்திகள் தொடங்கின.
வெள்ளை, என்றேன் எனக்குள்.
வெள்ளையை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது,
வெறும் பூச்சு.
அதன்மேல் வயலின்கள், இருபதோ முப்பதோ,
ஒரே இழுப்பில் இறங்கின,
ஓரம் எங்கும் பிசிறில்லாமல்.
நம்மூர் நோம்பியில் ஊதும் கொம்புக்கு
ஏதோ தூரத்துப் பங்காளி போல ஒன்று
மலைக்குச் சாயங்கால நிறம் கொடுத்துவிட்டுப் போனது.
எத்தனை பேர், எத்தனை கை!
ஒரு நூல்கூட நகரவில்லை.
அந்த மாஸ்டருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

பிறகு எல்லாம் அடங்கி
பெயர் தெரியாத ஒற்றைக் குழல்.
வளையங்காட்டில் கரண்ட் போய்
அத்தனை மிஷினும் நின்றபின்
யார் வீட்டிலோ குழந்தை இருமுவது கேட்குமே,
அப்படி.
நரிக்குட்டி திரும்பிப் பார்த்தது.

அந்தப் பார்வையை
நாற்பத்தி ரெண்டாயிரம் தடவை அடித்திருக்கிறேன்.
சிரிக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன்.

விளக்கு எரிந்தது. திரையில் பெயர்கள் ஏறின.
வயலின் என்று ஒரு சொல்,
அதன் கீழே முடியவே முடியாத பெயர்கள்,
ஒன்றும் என் வாயில் நுழையாது.
"போலாம்ப்பா, ஒண்ணுக்கு வருது."
"இரு கண்ணு, இன்னும் அடிச்சுட்டுத்தான் இருக்கறாங்க."
சீமாறோடு நின்ற அம்மா
எங்கள் வரிசையை விட்டுவிட்டு
முன்வரிசையைக் கூட்டப் போனார்.

திங்கட்கிழமை அதே நரி, மறுபடி எட்டாயிரம்.
படம் எப்படி என்றான் தீபன்.
என் இந்தி பதினாறு வார்த்தை,
அவன் தமிழ் அதைவிடக் கொஞ்சம் கூட.
கண் வைக்காத நரிகள்
மேஜை நெடுகக் காய்ந்துகொண்டிருந்தன.
கறுப்பு ஸ்கிரீனை இறக்காமல் பிடித்துக்கொண்டு
அந்தக் குழலை
உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினேன்.

ஒரு நூல் நகர்ந்துவிட்டது.